வளையத்துக்குள் எடுத்த படம்

"ஒரு மாசம் கழிச்சுப் படம் எடுக்க வாங்க" என்று சொன்ன ஆஸ்பத்திரிக்காரன், அதை எப்படி எடுப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? லாரி டிரைவருக்கு இந்த ஆத்திரம் பல வருஷமாகியும் அடங்கவில்லை.

அவருடைய தங்கை புருஷன் பைப் வெல்டர். ப்ராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அரிசி மணி மாதிரி கதிர்வீச்சு விதைகளை உள்ளே வைத்தால் போதும் என்றார்கள். வைக்கும் இடத்தை அளக்க, காலைத் தூக்கிக் கட்டி, ஆசனவாய் வழியாகக் கருவியைச் செருகிப் படம் பார்த்தார்கள். பக்கத்தில் மகள் வயதில் இரண்டு நர்ஸுகள். வெல்டர் அன்று சோற்றில் கை வைக்கவில்லை.

விதைகளை மயக்கம் கொடுத்து வைத்தார்கள். வீக்கம் வடிந்தபின் அவை சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான் அந்த ஒரு மாதப் படம். ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர்தான் கொண்டுபோய் இறக்கிவிட்டார். திரும்பி வந்த வெல்டர், "எல்லாம் கச்சிதமா உக்காந்திருக்காம்" என்றார். தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள்.

சில வருஷம் கழித்து முதுகெலும்பில் வலி. இந்தமுறை பெரிய வளையம் போன்ற மெஷினுக்குள் உடுப்போடு படுக்கவைத்து எடுத்தார்கள். வெளியே வந்த வெல்டர் முகம் செத்திருந்தது.

"படம் எடுக்கிறதுன்னா இவ்வளவுதானா மச்சான்?"

புது டாக்டர் திரையைக் காட்டினார். "ப்ராஸ்டேட்டோட மேல்பக்கம் விதையே இல்ல. அப்பவே இதே மாதிரி படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும், இன்னும் கொஞ்சம் வச்சிருக்கலாம். இப்ப எலும்புக்குப் போயிடுச்சு."

டிரைவர் வெல்டரை வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு உள்ள போயி என்னத்தக் கிழிச்ச மாப்ள?"

"பின்வாசல் வழியா டீக்கடைக்குப் போயிட்டேன். மறுபடி காலைத் தூக்கிக் கட்டுவாங்கன்னு..."

"கூறுகெட்டவனே! பேன்ட்கூட கழட்ட வேண்டாமேய்யா இதுக்கு!"

"அத எவன் எங்கிட்ட சொன்னான்?"

டிரைவர் நேரே பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் கவுன்டரில், "எப்படி எடுப்பீங்கன்னு ஏன் சொல்லல?" என்று கத்தினார். "எல்லாருக்கும் சொல்றதுதான் சார்" என்றாள் அங்கிருந்த பெண், தலையைக்கூட நிமிர்த்தாமல். மேஜையை ஓங்கிக் குத்தினார். செக்யூரிட்டி அவரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளினான்.

வெல்டர் படுத்த படுக்கையானார். ஒருநாள் தங்கை வெந்நீர் எடுக்கப் போன நேரம் பார்த்து டிரைவரைக் கூப்பிட்டார்.

"மச்சான், நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிஞ்சா, என்னைத் திட்டவும் முடியாம அழவும் முடியாமக் கெடந்து தவிப்பா."

"சண்ட போட்டா அவளுக்குத் தெரிஞ்சிடும்னு அந்த ஆஸ்பத்திரிக்காரன சும்மா விடச் சொல்றியா?"

"அவ கேட்டா, நான் அன்னிக்குப் படம் எடுத்தேன்னே சொல்லு."