ஊசித் தலையில் இருபது காசு

எனக்கு ஏடிஎச்டி, அதாவது ஓரிடத்தில் நிலையாக உட்காரவும் கவனம் செலுத்தவும் விடாத குறைபாடு, இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயதில் கண்டுபிடித்த டாக்டர், "சின்ன வயசுல வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். மாத்திரை தொடங்கி இன்று பத்தாவது நாள்.

இன்று கிள்ளான் நகரில், பழைய இசைத்தட்டு விற்கும் கடையில் ஒரு தட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். இரண்டாவது வரியிலேயே ஊசி துள்ளியது.

"கீறல் லா அக்கா, வேற எடுங்க" என்றார் கடைக்காரர்.

என் கை தானாகப் பர்சில் சில்லறை தேடியது.

எழுபதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பலகைத் தரை. வேலைவிட்டு வரும் அப்பா, எண்ணெய்க் கறை போக இரண்டு முறை கை கழுவிய பிறகுதான் இசைத்தட்டைத் தொடுவார். பாட்டு தொடங்கியதும் நான் ஓடத் தொடங்குவேன். உட்கார் என்றால் என்னால் முடியாது. தரை அதிரும், ஊசி துள்ளும், பாட்டு பாதியில் அறுந்து வேறெங்கோ போய் விழும்.

"ரெண்டு போடு போட்டு உட்கார வைங்கண்ணே" என்றார் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை.

அப்பா என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஓர் இருபது காசை எடுத்து ஊசித் தலையின் மேல் வைத்தார்.

"இனி குதிக்காது. நீ ஓடும்மா."

அடுப்படிக்கும் வாசலுக்குமாக ஓடினேன். தட்டு கடைசிவரை பாடியது.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்று கடைக்காரரின் ஊசிமேல் காசை வைத்தேன். துள்ளாமல் பாடியது.

அடுத்த முறை டாக்டரிடம் என் பதிலை மாற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா கவனித்திருந்தார்.