கிக் ஆஃபுக்கு எதிராக ஓர் அர்ச்சனை

போன வெள்ளிக்கிழமை எங்கள் குசினியில் நான்கு தேங்காய்ப் பாதிகள் கிடந்தன. இரண்டு, மனைவி காலையில் கோயிலிலிருந்து கொண்டுவந்தவை. இரண்டு, நான் வேலை முடிந்து போய்க் கொண்டுவந்தவை. இரண்டு அர்ச்சனையும் ஒரே பெயருக்கு, ஒரே நட்சத்திரத்துக்கு... எங்கள் மகன் ஆதவனுக்கு.

"நீங்கள் என்னத்துக்குச் செய்தனீங்கள்?" என்றாள் மனைவி.

"அந்த ரூல் வரவேணும் எண்டு."

"ஐயோ! நான் அது வரக்கூடாது எண்டெல்லோ செய்தனான்!"

பாவம் முருகன். அவர்தான் என்ன செய்வார்?

விஷயம் இதுதான். எங்கள் வீட்டடி டூங்கபி பார்க்கில் ஃபுட்டிப் பந்து உதைத்து வளர்ந்தவன் ஆதவன். அந்தக் காலின் பலத்தை நம்பியே அமெரிக்காவுக்குப் போனான். மூன்று வருடமாக அங்கே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர். ஆட்டம் தொடங்கும்போது பந்தைத் தூர உதைப்பது அவன் வேலை. அதுதான் கிக் ஆஃப். உதைத்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் முழு வேகத்தில் ஓடிவந்து மோதுவார்கள். எதிரணிக்காரன் பந்தோடு தப்பி வந்தால், கடைசியாக மறிக்க நிற்பவன் என் பிள்ளை!

போன சீசனில் ஒரு திங்கட்கிழமை காலை — அங்கே ஞாயிறு — அப்படி ஒருவன் வந்தான். ஃபிரிட்ஜ் அளவு உடம்பு. ஆதவன் விழுந்தான். எழும்ப... கொஞ்ச நேரம் எடுத்தது. அன்று பரமட்டாவில் பஸ் ஓட்டும்போது இரண்டு ஸ்டாப்பில் நிறுத்த மறந்து போய்விட்டேன்.

அதன்பிறகு, கிக் ஆஃபையே எடுத்துவிடலாமா என்று அங்கே நடந்த விவாதத்தை ஒரு நாளும் விடவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அவர்களுடைய விதிகளை ஃபோனில் போட்டு, வரி வரியாகத் தமிழாக்கிப் படித்தேன். டிவியில் ஒரு பழைய வீரர், விளையாட்டைப் பஞ்சு மாதிரி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினார். எதிரே இருந்த, தலையில் பல அடி வாங்கிய இன்னொரு பழைய வீரர் பதில் சொல்லத் தொடங்கி, ஒரு சொல்லைத் தேடி நின்றார். தேடினார்... தேடினார். எனக்கு அது போதும்.

ஆனால் மகனுக்கும் ஒரு நியாயம் இருந்தது. "கிக் ஆஃப் இல்லையெண்டா எனக்கு ஜாப் இல்லை அப்பா. ஐ கம் ஹோம், தட்ஸ் இட்."

அதைக் கேட்டு மனைவி அழுதாள். நான் அழவில்லை. ஏன் என்று யோசிக்கவும் இல்லை.

இந்தப் புதன் காலை அவனே ஃபோன் எடுத்தான்.

"அப்பா, கிக் ஆஃப் இருக்கு! நிக்கிற இடத்தைத்தான் மாத்திப்போட்டினம். இனி ரெண்டு டீமும் கிட்டக் கிட்ட நிக்கும், ஃபுல் ஸ்பீடில மோத ஏலாது. ஜாபும் சேஃப், நானும் சேஃப்!"

இரண்டு அர்ச்சனையும் பலித்துவிட்டன! மனைவி கை தட்டினாள். எனக்கு மட்டும் ஏன் கை தட்ட வரவில்லை?

"அப்பா, ஆர் யூ தேர்? சந்தோசம் இல்லையே?"

"சந்தோசம்தான் மோனை... ஹெல்மெட்டை இறுக்கிப் போடு."

அவன் தலைக்குப் பயந்தது பொய்யில்லை. ஆனால் நான் கும்பிட்டது அதற்கு மட்டும்தானா? கிக் ஆஃபை எடுக்கும் ரூல் வந்தால் வேலை போகும். வேலை போனால், ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே உள்ளே வருவான்... பெற்ற பிள்ளையின் வேலை போகட்டும் என்று நேர்ந்துகொண்ட தகப்பன் நான்!

மனைவி ஃபோனைப் பறித்தாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும். எப்ப மோனை வீட்ட வாறாய்?"

ஸ்பீக்கரில் அவன் குரல் மெதுவாக வந்தது.

"ட்ரெயினிங் தொடங்க முன்னம் வாறன் அம்மா. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே..."

மூன்று வருடமாக நான் கேட்கப் பயந்த கேள்வி. அதை எனக்காக அமெரிக்காவில் ரூல் போடும் ஒரு கமிட்டி கேட்கும் என்றல்லவா காத்திருந்தேன்!