சீராக வந்த மேசை

வருமான வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கிற தொழிலில் பாதி நேரம் "அது கிடைக்காதுங்க" என்று சொல்வதிலேயே போகும். மீதி நேரம் அதையே மறுபடி சொல்வதில். வீட்டையே ஆபீஸாக்கிக்கொண்டு அவதிப்படுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சுழல் நாற்காலி

பென்னாகரத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெங்களூரு கம்பெனியில் சம்பளம், வேலை வீட்டில். முதுகுவலிக்காக வாங்கிய நாற்காலியின் பில்லை நீட்டி, வரியில் கழிக்கச் சொன்னார். சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொகை கழிப்பார்கள், நாற்காலிக்கென்று தனியாகக் கிடையாது என்றேன். பில்லை மடித்துப் பையில் வைத்தார்.

"அப்ப முதுகு மட்டும் என் சொந்தச் செலவுங்களா சார்?"

பில்லில் அப்பா பெயர்

பாப்பாரப்பட்டி சத்யாவின் கதை வேறு. துணிக்கடைகளுக்கு விளம்பரம் வரைந்து கொடுக்கிறவர். சம்பளம் கிடையாது, சொந்தத் தொழில். இப்படிக் கணக்கு வைத்துத் தொழில் செய்பவர்கள் மேசை நாற்காலிக்கு வருடாவருடம் தேய்மானம் கழிக்கலாம். பில் கேட்டேன். கல்யாணச் சீருக்கு வாங்கிய கட்டில், பீரோ, மேசை எல்லாம் அப்பா பெயரில் இருந்தன. சீர்ச் சாமானுக்குப் பெண்ணின் பெயரில் பில் போடுகிறவர்கள் நம் பக்கம் யார்?

அப்பா அன்பளிப்பாகக் கொடுத்ததாக ஒரு கடிதம் போதும் என்றேன். சத்யாவின் கவலை அதுவல்ல. மாமனார் அந்த மேசையைத் தன் உரக்கடைக்கு எடுத்துப்போகப் பார்க்கிறார். வூட்ல சும்மா உக்காந்து படம் போடறதுக்குக் கட்டில் ஆகாதா என்கிறாராம்.

"சீரா வந்தது வூட்டுச் சாமானாம் சார். வரி எவ்வளவு கொறையுதுன்னு நான் கேக்கல. அது என்னுதுன்னு எங்கயாச்சும் எழுதியிருந்தாப் போதும்."

மாமனார்

கடிதம் வாங்கிக் கணக்கில் ஏற்றினேன். அது தெரிந்து மாமனார் மாதையனே வந்தார். மேசை கடைக்குப் போனாலும் கழிவு வருமா என்று கேட்டார்.

"வராதுங்க. மருமக வேலை செய்யுற எடத்துல இருந்தாத்தான்."

மிச்சமாகும் வரி ஒரு மூட்டை உரத்துக்குக்கூடக் காணாது. அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "கவர்மெண்டு வரைக்கும் போயிருச்சுங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அடுத்த வருடக் கணக்குக்காக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மேசை ஜன்னலோரம் இருந்தது. அதன்மேல் சத்யாவின் கம்ப்யூட்டர். டீ வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைக்கப் போனேன். வாசலில் இருந்து மாதையன் குரல் கொடுத்தார்.

"அங்க வெக்காதீங்க சார். அது இன்கம்டாக்ஸ் மேசை."

இத்தனை வருடத்தில் நான் கழித்துக்கொடுத்ததிலேயே சின்னத் தொகை அதுதான். டீ டம்ளரைக் கடைசிவரை கையிலேயே வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்ததும் அந்த ஒரு வீட்டில்தான்.