அலவத்துகொடையில் கழன்ற செயின்

கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் பிள்ளைகளைச் சைக்கிளில் கூட்டிப் போனபோது எனக்குக் கடைசி இடம் கொடுத்தார்கள். எல்லாம் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகள். வீட்டில் அடிபட்டவர்கள், பள்ளிக்கூடத்தை விட்டவர்கள், எங்கே வைத்தாலும் ஓடிப்போகிறவர்கள். கூட வந்த மற்றப் பெரியவர்களுக்கு அவர்களோடு பேசத் தெரியும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன்; நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. கடைசியில் வருகிறவனுக்குப் பேச்சு வேண்டாம். யாருடைய சைக்கிள் நின்றாலும் அவனும் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எப்போதும் எனக்குச் சற்று முன்னால் சைக்கிள் ஓடுவாள். இல்லத்திலிருந்து பல தடவை ஓடிப்போய்ப் பிடிபட்டவள். சைக்கிள் பயிற்சி தொடங்கியபிறகு ஒரு தடவைகூட ஓடிப்போகவில்லை. கண்டி வாவியைச் சுற்றி ஓடிப் பழகிய ஒரு நாள் என் பக்கத்தில் வந்து கேட்டாள்.

“மாமா, அலவத்துகொடை வழியாத்தானே போறோம்?”

“ஆமா.”

“ரோட்டோரமா அம்மாவுக்குக் கடை இருக்கு. நான் ஓடிப்போனதெல்லாம் அங்கதான். அம்மாவோட புது வீட்டுக்காரரு ஒடனே இல்லத்துக்குப் போன் பண்ணிருவாரு. ரோட்டுல போனா ஒண்ணும் சொல்ல ஏலாதுதானே? நான் சைக்கிள் ஓடுறத அம்மா பாக்கணும் மாமா.”

நான் தலையை ஆட்டினேன்.

புறப்பட்ட அன்று அக்குறணையைத் தாண்டியதும் அவள் மெதுவானாள். முன்னால் போன பையன் திரும்பிக் கத்தினான்.

“ஏய், ஒன் சைக்கிளுக்குக் கால் வலிக்குதாடி?”

“ஒனக்கு வாய் வலிக்கலையாடா? போ!”

அலவத்துகொடையில் ஒரு பழக்கடைக்கு எதிரில் இறங்கினாள். குனிந்து செயினைக் கையால் கழற்றினாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“மாமா, செயின் கழண்டுருச்சு.”

ஒரு நிமிட வேலை. நான் பையைத் திறந்து, தேவையில்லாத சாமான்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

கடை வாசலில் ஒரு மனிதர் கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தாள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு அந்த மனிதரைப் பார்த்தாள். ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பாதையைக் கடந்தாள்.

“யாரு அது?” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“யாரோ சைக்கிள்ல போற பிள்ளைங்க. தண்ணி கேட்டாங்க.”

நாங்கள் கேட்கவில்லை.

“தூரமா போறீங்களா?” என்று என்னைக் கேட்டாள்.

“திருகோணமலைக்கு.”

“இந்தப் பிள்ளையுமா?”

“ஆமா. நல்லா ஓடும்.”

பிள்ளை போத்தலை வாங்கித் தண்ணீர் குடித்தாள். குழந்தை அவளுடைய ஹெல்மெட் வாரைப் பிடித்து இழுத்தது. தாய் அந்தச் சின்னக் கையை மெதுவாக விடுவித்தாள்.

“தேங்க்ஸ் அக்கா,” என்றாள் பிள்ளை. கடைக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாக.

செயினை அவளே மாட்டினாள். முன்னால் போன பையன்களையெல்லாம் முந்திக்கொண்டு போய்விட்டாள். நான் சாமான்களைப் பொறுக்கி முடிக்கும்வரை அந்தப் பெண் வெறும் போத்தலோடு நின்றாள்.

“செயின் இனிக் கழலாதுதானே?” என்றாள்.

“கழலாது,” என்றேன்.

திரும்பி வந்தபிறகும் அந்தப் பிள்ளை ஓடிப்போகவில்லை. சைக்கிள் ஓடித் திருந்திவிட்டாள் என்று இல்லத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். என்னிடமும் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன்.