இந்த வாரக் குப்பம்மா

சந்தவாசலில் தங்கவேலுவின் மெடிக்கல் ஷாப்தான் மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி. ஜுரமோ, இருமலோ, சீழ் பிடித்த காலோ, எதுவானாலும் தங்கவேலு முகத்தைப் பார்ப்பார், மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். தப்புதான், யார் இல்லையென்றது? ஆனால் நல்ல மனுஷன். தைரியம் மட்டும் மருந்துக்குக்கூடக் கிடையாது. பல்லி கத்தினால் கடையை மூடிவிடலாமா என்று யோசிக்கிற ஆள்.

எண்பத்து மூன்றில் பக்கத்து ஊர்க் கடை ஒன்றுக்குச் சீல் வைத்தார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வீரியமான மருந்து விற்றானாம். லைசென்ஸ் ரத்து, மேலே கேஸ், நிரூபணமானால் ஜெயில். சேதி கேட்ட அன்று தங்கவேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து மலைக்காரர்கள் எல்லாரிடமும் சீட்டு கேட்க ஆரம்பித்தார்.

மலையில் ஒரு சின்ன ஊர். அங்கே சீட்டு என்று ஒன்று இருந்தது குப்பம்மாவிடம் மட்டும்தான். அவள் நெஞ்சுச் சளிக்குப் போளூர் டாக்டர் எழுதிக் கொடுத்தது. அந்த ஊரில் கல்யாணச் சோறு பொங்கும் பெரிய அண்டா எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. ஊர்க்கவுண்டர் வீட்டில் இருக்கும். வேண்டியவர்கள் முறைபோட்டு எடுத்துப்போய், கழுவித் திருப்பி வைக்கவேண்டும். கீழே சீட்டு கேட்கிறார்கள் என்றதும் ஊர் கூடிப் பேசி, குப்பம்மாவின் சீட்டையும் அந்த அண்டாவுக்குள் போட்டு வைத்தது.

அடுத்த சந்தையன்று கோவிந்தன் சீட்டோடு வந்தான். பனைமர உயரம், முறுக்கு மீசை.

"பேரு?" என்றார் தங்கவேலு.

"குப்பம்மாங்க."

"இன்னாய்யா, வெளாடுறியா? குப்பம்மா பொம்பளயாச்சே!"

"சீட்டு யாரு கைல இருக்குதோ அவங்கதான் குப்பம்மான்னு ஊர்ல முடிவு பண்ணிட்டோங்க. இந்த வாரம் நானு."

சீட்டு இருந்தால் ஜெயில் இல்லை. தங்கவேலு புரிந்துகொண்ட சட்டம் அவ்வளவுதான். தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தார். அதற்கப்புறம் கால் வீங்கிய குப்பம்மா, வயிற்றுவலிக் குப்பம்மா, வேட்டி கட்டிய குப்பம்மா என்று வாராவாரம் வந்தார்கள். எல்லாருக்கும் அதே நெஞ்சுச்சளி மாத்திரைதான்.

ஆவணியில் ஒருநாள் மருந்து இன்ஸ்பெக்டர் வந்து கடையில் உட்கார்ந்துவிட்டார். மீசை வைத்த குப்பம்மா எதுவும் வந்துவிடக்கூடாதே என்று தங்கவேலு குலதெய்வத்தை வேண்டிக்கொண்டார். வந்தது அசல் குப்பம்மா. வாய் திறக்குமுன் இருமல் பிடித்துக்கொண்டு, பலகையைப் பற்றியபடி நின்றாள்.

"அதே மாத்தர குடு, தங்கவேலு."

"சீட்டு எங்கம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்கூரு சின்னதம்பி எடுத்துக்கினு ஆலங்காயம் போயிருக்கான் சாமி. இந்த வாரம் நான் குப்பம்மா இல்ல."

இன்ஸ்பெக்டர் தங்கவேலுவைப் பார்த்தார். மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கொடுத்தால் கடை போகும். கொடுக்காவிட்டால் இவள் இப்படியே மலையேற வேண்டும்.

"சீட்டு இல்லாம குடுக்க முடியாதும்மா. போய்ட்டு வா."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, மொற வந்ததும் வர்றேன்" என்று இறங்கிப் போனாள். இருமல் தெருமுனை வரை கேட்டது.

"ஜுரத்துல ஏதோ உளர்றா, பாவம். ஆனா நீங்க சட்டத்தை விட்டுக்கொடுக்கலை பாருங்க!" இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "இன்னும் ரெண்டு நாள் இந்தப் பக்கம்தான் இருப்பேன்."

தட்டின இடம் தங்கவேலுவுக்கு எரிந்தது. வாய் கூசாமல் 'போய்ட்டு வா' என்று சொல்லிவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது. இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். மலைக்குப் போகிற ஜீப் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டிருந்தது.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. முதல் பஸ்ஸில் போளூர் போய், குப்பம்மாவுக்குச் சீட்டு எழுதின டாக்டர் வீட்டு வரிசையில் நின்றார். முறை வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்தார். டாக்டர் நிமிராமலே கேட்டார்.

"பேரு?"

"குப்பம்மாங்க."

பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்து அவர் வழுக்கையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். தங்கவேலுவுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"வயசு?"

"அறுவத்திரண்டு. நெஞ்சுச் சளிங்க. வூடு மலமேல. நேத்து சீட்டு இல்லன்னு ஒருத்தன் தொரத்தி வுட்டான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"நாக்க நீட்டு, குப்பம்மா."

தங்கவேலு நாக்கை நீட்டினார்.