காலியாகாத பின்சீட்டு

மூன்று மாத டியூ, நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். டாக்சி ஓட்டும் சரிதா ஃபைனான்ஸ்காரனுக்கு வைத்திருந்த பாக்கி அது. என் ஹார்டுவேர் கடையில் அது ஒரு காலை நேரத்து வியாபாரம். அவளுக்கு அதுதான் சோறு.

அவள் கோவளத்து மீனவக் குடும்பம். அம்மா கிளியம்மாள் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அந்த மீன் கூடைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தே சரிதா வண்டி பழகினாள். பிறகு கடன் போட்டு கார் எடுத்தாள். இரும்புலியூரில் லாரி இடித்து கார் ஷெட்டில் கிடந்ததில் டியூ நின்றுபோனது. நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன், மணல் சுமந்து பீர்க்கன்கரணையில் மூன்று மாடி வீடு கட்டியவன். யார் உழைப்பாளி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று மதியம் தாம்பரம் ஸ்டேஷனில் அவள் காரில் ஏறினேன். ரோட்டைவிட அவள் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தாள். பின்னால் கறுப்பு பைக்கில் இரண்டு பேர். ஃபைனான்ஸ்காரன் அனுப்பி, வண்டியைத் தூக்க வந்தவர்கள் என்றாள். ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் அவர்கள் கை வைப்பதில்லையாம். சவாரி இறங்கி சீட் காலியானால்தான் சாவியைப் பிடுங்குவார்கள். அதனால் காலையிலிருந்து ஒருவர் இறங்குமுன் அடுத்தவரை ஏற்றியே ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மா அன்று ஏலச்சீட்டு எடுத்திருந்தார். கூடுவாஞ்சேரி போய்ச் சேர்ந்துவிட்டால் பணம் கைக்கு வந்துவிடும்.

பீர்க்கன்கரணையை ஒட்டிய பெருங்களத்தூர் சிக்னலில் பைக் ஜன்னல் பக்கம் வந்து நின்றது. பின்னால் இருந்தவன் என்னைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த சீட்டைப் பார்த்தான்.

"சார், உங்க வூடு வந்துருச்சி," என்றாள் சரிதா. குரல் இறங்கியிருந்தது.

"நான் எறங்கல. கூடுவாஞ்சேரிக்கு வுடும்மா."

வண்டலூர் தாண்டியும் பைக் வந்தது. சில சமயம் முன்னால், சில சமயம் பின்னால், அவசரமே இல்லாமல். அவசரப்படாதவனிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது என் வியாபார அனுபவம்.

மார்க்கெட் வாசலில் காரை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். நான் சீட்டை விட்டு நகரவில்லை. ஒருவன் பானெட் முன்னால் நின்றான். இன்னொருவன் போன் பேசினான். சற்று நேரத்தில் ஒரு இழுவை வண்டி வந்து பின்னால் நின்றது.

போன் பேசியவன் குனிந்தான். "பெருசு, உனக்கு இன்னா வந்துச்சி? எறங்கி போய்க்கினே இரு."

"சவாரி முடியல தம்பி."

"உன்னையும் சேத்து தூக்கினா இன்னா பண்ணுவ?"

"தூக்கு. வெயிட்டு ஜாஸ்தி, பாத்து தூக்கு."

அவன் சிரிக்கவில்லை. காரின் கூரையில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தான். பின்னால் சங்கிலி இழுபடும் சத்தம். காரின் பின்பக்கம் கொஞ்சம் மேலே எழும்பியது. நான் பயப்படவில்லை. சட்டை மட்டும் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

சரிதா அம்மாவோடு ஓடி வந்தாள். பையிலிருந்த நோட்டெல்லாம் மீன் ஈரம். போன் பேசியவனிடம், முதலில் ரசீது என்றேன். கார் நம்பரோடு எழுதவைத்து, கையெழுத்து வாங்கி, சரிதாவைப் படித்துக்காட்டச் சொன்னேன். அதன் பிறகுதான் நாற்பத்திரண்டாயிரம் கைமாறியது. அதைத் தன் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, போன் பேசியவன் மறுபடியும் கையை நீட்டினான். சங்கிலி இன்னும் கழற்றப்படவில்லை.

"வந்து போன செலவு ஆயிரம்."

என் சட்டைப் பையில் அதைப்போல் பத்து மடங்கு இருந்தது. எடுக்கப் போனேன். சரிதா தடுத்தாள்.

"உங்க வாடகை எண்ணூறு சார். அத மட்டும் குடுங்க, போதும்."

என்னை இதுவரை யாரும் அப்படித் தடுத்ததில்லை. எண்ணூறைக் கொடுத்தேன். தன்னிடமிருந்த இருநூறையும் அதோடு சேர்த்து, நீட்டிய அந்தக் கையில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தாள்.