நடுப்பூ

“...அந்த எலிக்குத் தெரிஞ்சிருக்கு பேச்சி, எது ருசியான பூவுன்னு. எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு” என்று சைனம்பு என்னிடம் சொன்னபோது, என் அக்காவின் கம்பளிப் போர்வை எங்கள் மூவருக்கும் நடுவே விரிந்து கிடந்தது, அதன் நட்டநடுவில், நான் பின்னிய பூ இருந்த இடத்தில், ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. கடித்தது எலிதான். ஆனால் அந்த எலியைக் கூப்பிட்டு விருந்து வைத்தது என் வயிற்றெரிச்சல்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. உத்தமபாளையத்தில் எங்கள் வீடும் சைனம்பு வீடும் ஒரே சுவரின் இரண்டு பக்கம். எனக்கும் அவளுக்கும் பதினொரு வயது. பள்ளிக்கூடத்து டீச்சரிடம் இருவரும் சேர்ந்தே கொக்கி ஊசி பிடிக்கப் பழகினோம். அக்காவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கு மேற்கு மலையில், தேயிலைத் தோட்டத்தில் வேலை. “அங்கன குளிருல பல்லு தாளம் போடும் ஆத்தா” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் அக்காவைப் பயமுறுத்திவிட்டுப் போக, சீமைக்குத் திரும்பிய ஒரு துரைசானி விட்டுச்சென்ற உல்லன் நூலை மாப்பிள்ளை ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பினார். அதில் போர்வை பின்னுவதென்று அக்கா தீர்மானித்தாள். ஒவ்வொரு கட்டமும் அக்காவின் கைக்கு ஒரு சாண். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பூ. வரிசைக்கு ஐந்தாக ஏழு வரிசை. நட்டநடுவில் வருகிற கட்டத்துக்கு மட்டும் சிவப்பு நூல். அது படுத்தால் நெஞ்சுக்கு மேல் வரும் என்று அக்கா ஒரு நாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் போயிற்று.

பின்னி முடித்த கட்டம் சும்மா விட்டால் சுருண்டுகொள்ளும். அதை நனைத்து, துண்டில் வைத்துப் பிழிந்து, வைக்கோல் திணித்த சாக்கின்மேல் விரித்து, நான்கு மூலையையும் இழுத்துக் கருவேல முள்ளால் குத்திக் காயவைப்போம். நாங்கள் அதற்கு வைத்த பெயர் “முள்ளுப்படுக்கை”. இரும்பு ஊசி குத்தினால் துரு ஏறும், முள் ஏறாது. சைனம்பின் கட்டங்கள் முள்ளைப் பிடுங்கியதும் வாழையிலை மாதிரி அப்படியே கிடக்கும். என்னுடையவை அரை மணி நேரத்தில் அப்பளம் பொரிகிற மாதிரி மேலே எழும்பும். “உன் கை கஞ்சக் கைடி, நூலை விடவே மாட்டேங்குது” என்பாள் அக்கா. அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. சைனம்பின் கட்டத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். என் உடன்பிறந்தவள், என் கண் எதிரே, பக்கத்து வீட்டுக்காரியின் பூவைக் கன்னத்தில் வைக்கிறாள்! நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா, “வயித்தெரிச்சல்ல வச்ச உலை பொங்காதுடி” என்றுவிட்டுப் போவார். எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சிவப்பு நூலில் ஆளுக்கு ஒன்று பின்னிக் கொடுங்கள், நல்லதை நடுவில் வைக்கிறேன் என்று அக்கா சொன்னாள். என்னுடையது வழக்கம்போலச் சுருண்டது. இரண்டு முறை நனைத்து முள் குத்தியும் எழும்பியது. அன்று அப்பாவின் வேட்டிக்கு அம்மா கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார். கஞ்சி போட்ட வேட்டி தகடு மாதிரி நிற்கிறது. பூ மட்டும் நிற்காதா? யாரும் பார்க்காத நேரத்தில் என் சிவப்புப் பூவைக் கஞ்சிச் சட்டியில் முக்கி, மறுபடி முள்ளில் அறைந்தேன். மறுநாள் அது பலகைபோல நேராக, முனை முனையாக நின்றது. அக்கா தூக்கிப் பார்த்துப் பார்த்து அதிசயித்தாள். சைனம்பு வாங்கினாள், விரலால் சுண்டினாள், மோந்தும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மீந்த சிவப்பு நூலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். என் பூ நடுவில் ஏறியது. அவளுடைய சிவப்பை வீணாக்க மனமில்லாமல் அக்கா அதற்குக் கீழே வைத்தாள். கல்யாணத்தன்று நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு அக்கா இறங்கி வந்தாள், போர்வையோடு. மலைச்சாரலில் கஞ்சி ஊறிப் புளித்திருக்கிறது. தோட்டத்து வீட்டு எலிகள் முப்பத்துநாலு பூவை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் தேடித் தின்றிருக்கின்றன. “கம்பளிக்குக் கஞ்சி போட்டவ இந்த மலைக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நீ ஒருத்திதாண்டி” என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் கடையில் வாங்கிய கம்பளியில் படுக்கிறேன். அந்தப் போர்வை அக்கா மகளின் வீட்டில் கொஞ்ச காலம் இருந்து, கடைசியில் நாய் படுக்கப் போட்டார்களாம். அக்கா போய்விட்டாள், சைனம்பும் போன மழைக்காலத்தில் போய்விட்டாள். பொறாமைப்பட ஓர் ஆள் இல்லாமல் போனால் வாழ்க்கையில் உப்புக் குறைகிறது. இதை எந்தப் பெரியவரும் எனக்குச் சொல்லவில்லை, நானே கண்டுகொண்டேன்.

அன்று எலியைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டுச் சைனம்பு எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். கெக்கலி கொட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு துணிப்பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். பிரித்தபோது, பூச்சி அண்டாமல் இருக்க வைத்த வேப்பிலை சருகாகி, பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே இன்னொரு சிவப்புப் பூ. நான்கு மூலையும் இழுத்து, முள் குத்தி, எப்போதோ காய்ந்தது.

“இத எப்பப் பின்னுன?” என்றாள் அக்கா.

சைனம்பு போர்வையைத் தன் மடிக்கு இழுத்தாள். கடிபட்ட என் இழைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். தன் பூவை ஓட்டையின்மேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு தடவை நீவினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, கொக்கி ஊசிக்காக என் பக்கம் கையை நீட்டினாள்.